திங்கட்கிழமை வேலைக்கும் ஞாயிறு ஆராதனைக்கும் என்ன சம்பந்தம்?

திருகோணமலையில் ஏதாவது ஒரு தேவாலயத்தில், ஞாயிறு காலை, பின்வரிசையில் இருந்து சுற்றிப் பாருங்கள். கச்சேரியில் கிளார்க்காக இருப்பவர் ஒருவர் இருப்பார். பொது வைத்தியசாலையில் இரவுக் கடமை முடித்து, நித்திரைக் கண்ணோடு நேராக வந்த தாதி இருப்பார். சீனக்குடா மா ஆலைத் தொழிலாளி, உப்புவெளி ஹோட்டல் சமையல்காரர், மூதூருக்குப் பஸ் ஏறிப் படிப்பிக்கப் போகும் ரீச்சர், ஆட்டோக்காரர், மேசன், வீட்டில் தையல் மெஷின் போட்டிருக்கும் அக்கா, கணவர் கட்டாரில் இருக்கப் பிள்ளைகளைத் தனியே பார்க்கும் தாய், இப்படி ஒரு ஊரே அங்கே இருக்கும். ஆராதனை ஒன்றரை மணித்தியாலம் நடக்கும். நோயாளிகளுக்காக ஜெபிப்போம், பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்காக ஜெபிப்போம், நாட்டுத் தலைவர்களுக்காகவும் ஆயருக்காகவும் ஜெபிப்போம். வேலை இல்லாதவருக்கு வேலை கிடைக்கவும் ஜெபிப்போம். வேலை கிடைத்த பிறகு அந்த வேலைக்குள்ளே அவர் என்ன பாடு படுகிறார் என்பது மட்டும் உள்ளே வருவதில்லை. செருப்போடு சேர்த்து அதையும் வாசலில் கழற்றி வைத்துவிட்டு வருகிறோம்.

இந்த இடைவெளியை அடைக்கச் சபைகள் எடுக்கும் முயற்சியைத்தான் ‘விசுவாசமும் அன்றாட வேலையும்’ என்ற தலைப்பில் பேசுகிறார்கள். ஒருவர் கிழமையில் ஆறு நாள் செய்கிற வேலையையும், அவர் குடியிருக்கிற ஊரின் நல்லது கெட்டதையும் கடவுளுக்கு முன் கொண்டுவருவதற்குச் சபை பக்கத்தில் நிற்பது, அவ்வளவுதான் விஷயம். நான் ‘சபை’ என்று எழுதும் இடத்தில் கத்தோலிக்க வாசகர்கள் ‘பங்கு’ என்றும், ‘போதகர்’ என்ற இடத்தில் ‘பங்குத்தந்தை’ என்றும் வாசித்துக்கொள்ளலாம். இதில் இரு பக்கத்தாரின் நிலைமையும் ஒன்றுதான்.

எவையெல்லாம் இதில் சேராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆட்டோவின் பின்கண்ணாடியில் வசனம் ஒட்டுவது சேராது. ஒட்டட்டும், பிழையில்லை. பின்னால் சைக்கிளில் வருகிறவர் வசனத்தை வாசிப்பார். உள்ளே இருக்கிறவர் இறங்கும்போது கேட்கப்படும் காசைத்தான் வாசிப்பார். பக்கத்து மேசைக்காரரிடம் மதம் பேசுவதும் சேராது. திருகோணமலை மாவட்டத்தில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்று எவரும் பாதிக்கு மேல் இல்லை. ஒரே வார்ட்டில், ஒரே மீன் சந்தையில், ஒரே கந்தோரில் நாலு சமயத்தவரும் தோளோடு தோள் நின்று வேலை செய்கிறார்கள். கூட வேலை செய்கிறவரை ‘ஆள் பிடிக்கும்’ கண்ணோடு பார்த்தால் உறவும் கெடும், வேலையும் கெடும்.

மூன்றாவது ஒன்று இருக்கிறது. இதைத்தான் நல்ல சபைகளே செய்கின்றன. வங்கியில் வேலை பார்க்கும் ஒருவர் சபைக்கு வந்தால் அடுத்த வருடமே அவர் பொருளாளர். ரீச்சர் வந்தால் ஞாயிறு பாடசாலை. குரல் நல்லதென்றால் பாடகர் குழு. அவரவர் திறமையைக் கோயிலுக்கு எடுத்துக்கொள்வதில் நாங்கள் கெட்டிக்காரர். ஆனால் வங்கியில் அவர் என்னென்ன கடன் விண்ணப்பங்களைத் தள்ளிவிட வேண்டியிருக்கிறது, அதில் எது அவரை இரவில் நித்திரை கொள்ள விடுவதில்லை என்று எந்தப் பொருளாளரிடமாவது கேட்டிருக்கிறோமா? ஞாயிறு பாடசாலை ஆசிரியர்களைப் பீடத்துக்கு முன் வரவழைத்து, கை வைத்து ஆசீர்வதித்து அனுப்புகிறோம். அதே ரீச்சர் திங்கட்கிழமை நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்புக்குள் நுழைவதற்கு எந்த ஆசீர்வாதமும் இல்லை.

வேதாகமத்தில் வேலை

இந்தத் தலைப்பில் பிரசங்கம் என்றால் எல்லோரும் நேராகக் கொலோசெயர் 3:23க்குப் போய்விடுவார்கள்: எதைச் செய்தாலும் மனுஷருக்கென்று செய்யாமல் கர்த்தருக்கென்று மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள். நல்ல வசனம். ஆனால் அது அடிமைகளைப் பார்த்துச் சொல்லப்பட்ட பகுதியில் வருகிறது. மூன்று வசனம் தள்ளி, 4:1இல், எஜமான்களே, உங்கள் வேலைக்காரருக்கு நீதியானதைச் செய்யுங்கள், உங்களுக்கும் பரலோகத்தில் ஒரு எஜமான் இருக்கிறார் என்று வருகிறது. முதலாவதை மட்டும் வாசித்து இரண்டாவதை விட்டால் அது முதலாளிக்குச் சௌகரியமான வசனமாகிவிடும்.

தொடங்குகிறவர்களுக்கு நான் காட்டுவது வேறு இரண்டு இடங்கள். ஒன்று யாத்திராகமம் 31. பொன், வெள்ளி, மரம், கல் எல்லாவற்றிலும் வேலை தெரிந்த பெசலெயேல் என்ற கைவினைஞனைத் தம்முடைய ஆவியினால் நிரப்பியதாகக் கடவுள் அங்கே சொல்கிறார். தீர்க்கதரிசிக்கும் ராஜாவுக்கும் ஆவி அருளப்பட்டதைப் பற்றி நிறையக் கேட்டிருக்கிறோம். ஓடாவிக்கு அருளப்பட்டதைப் பற்றிக் கேட்டது குறைவு.

மற்றது லூக்கா 3. யோவான் ஸ்நானகனிடம் சனங்கள் வந்து, “அப்படியானால் நாங்கள் என்ன செய்யவேண்டும்?” என்று கேட்கிறார்கள். இரண்டு அங்கி வைத்திருப்பவன் இல்லாதவனுக்கு ஒன்றைக் கொடுக்கட்டும் என்கிறார். வரி வசூலிப்பவர்கள் வருகிறார்கள். கட்டளையிடப்பட்டதற்கு மேல் வாங்காதீர்கள். போர்ச்சேவகர் வருகிறார்கள். ஒருவரையும் மிரட்டிப் பறிக்காதீர்கள், பொய்க் குற்றம் சாட்டாதீர்கள், உங்கள் சம்பளம் போதும் என்றிருங்கள். முகாம்களும் சோதனைச் சாவடிகளும் பார்த்து வளர்ந்த எங்கள் ஊர்க்காரருக்கு இந்த வரிகள் சும்மா கடந்து போகிற வரிகள் இல்லை. இதில் கவனிக்க வேண்டியது, யோவான் ஒருவரையும் வேலையை விட்டுவிட்டுத் தன் பின்னால் வரச் சொல்லவில்லை. எல்லோருக்கும் ஒரே புத்திமதியும் சொல்லவில்லை. அந்தந்த வேலையில் எங்கே கை நீளும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்த இடத்தைப் பார்த்துப் பதில் சொல்கிறார். கேட்டு வந்தவர்களின் வேலையைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவரால் இப்படிப் பதில் சொல்ல முடியாது. சபை செய்ய வேண்டியதன் மாதிரி எனக்கு இந்த ஐந்து வசனத்தில் முழுதாகக் கிடைக்கிறது.

மற்றவற்றை வாசகர்களே தேடிப் பார்க்கலாம். கூலியாளின் கூலியைப் பொழுது போகுமுன் கொடு என்ற உபாகமம் 24, கள்ளத்தராசு வேண்டாம் என்ற லேவியராகமம் 19, பவுல், ஆக்கில்லா, பிரிஸ்கில்லா மூவரும் கூடாரம் தைத்துப் பிழைத்த அப்போஸ்தலர் 18, இப்படி நிறைய இருக்கிறது. நாசரேத்தூர்க்காரர்கள் இயேசுவை “தச்சன் அல்லவா” என்று கேட்டது மாற்கு 6இல். அவர்கள் அதை மரியாதையாகக் கேட்கவில்லை.

பிரிவு எங்கிருந்து வந்தது

கிறிஸ்தவத்தின் வரலாற்றில் இந்தச் சிந்தனை அடிக்கடி தொலைந்து, அடிக்கடி திரும்பக் கிடைத்திருக்கிறது. 6ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்கின் 31ஆம் அதிகாரத்தில், மடத்தின் களஞ்சியப் பொறுப்பாளர் மண்வெட்டி, பாத்திரம் முதலான எல்லாப் பொருட்களையும் பலிபீடத்துப் புனிதப் பாத்திரங்களைப் போல மதிக்க வேண்டும் என்று வருகிறது. 16ஆம் நூற்றாண்டில் மார்ட்டின் லூதர், துறவிக்கு மட்டும்தான் தெய்வ அழைப்பு என்ற எண்ணத்தை உடைத்தார். மாடு பார்க்கிறவளும் பிள்ளை வளர்க்கிறவளும் அந்த வேலையிலேயே கடவுளுக்குப் பணி செய்கிறார்கள் என்றார். 1891இல் பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் தொழிலாளரின் நியாயமான கூலி, சங்கம் சேரும் உரிமை பற்றிச் சுற்றுமடல் எழுதினார். 1955இல் மே 1ஆம் திகதி தொழிலாளரான புனித யோசேப்பின் திருநாளாக்கப்பட்டது. 1965இல், உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம், சொல்லும் விசுவாசத்துக்கும் வாழும் வாழ்க்கைக்கும் நடுவிலுள்ள பிளவை இந்தக் காலத்தின் பாரதூரமான தவறுகளில் ஒன்று என்றே எழுதிவைத்தது.

எங்கள் பகுதியில் இந்தப் பிளவுக்கு இன்னொரு காரணமும் உண்டு என்பது என் அபிப்பிராயம். 1814இல் மெதடிஸ்த மிஷனரிமார் காலியில் வந்திறங்கினார்கள்; அவர்களில் ஒருவரான வில்லியம் ஓல்ட் அதே வருடம் மட்டக்களப்பில் பள்ளிக்கூடம் தொடங்கினார். திருகோணமலை புனித சூசையப்பர் கல்லூரி 1867இல் வந்தது. திருகோணமலை மறைமாவட்டமே 1893இல்தான் வந்தது. பள்ளிக்கூடம் அதற்கு மூத்தது. கிழக்கில் கோயிலும் பள்ளிக்கூடமும் கையோடு கை பிடித்து வளர்ந்தன. அதனால் ஊருக்குக் கிடைத்த நன்மை கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் அதோடு ஒரு பழக்கமும் வந்து ஒட்டிக்கொண்டது. படித்து, ஆங்கிலம் எழுதி, மேசைக்குப் பின்னால் இருக்கிற உத்தியோகம்தான் ‘ஆசீர்வாதம்’ என்றாகிவிட்டது. பையனுக்கு அரசாங்க வேலை கிடைத்தால் சாட்சி சொல்லுவார்கள். பையன் புதிதாக எஞ்சின் வாங்கிக் கடலுக்கு இறங்கினான் என்று யாராவது எழும்பிச் சாட்சி சொல்லி நான் கேட்டதில்லை.

போதகர் வெளியே வர வேண்டும்

எங்கே தொடங்குவது? போதகர் வேலையிடத்துக்குப் போவதிலிருந்து. வீடு சந்திப்பது எங்களுக்குப் பழக்கம். தேத்தண்ணி, பிஸ்கட், ஒரு சங்கீதம், ஜெபம். அங்கே மனிதர் குளித்து வெளுத்த சட்டை போட்டு இருப்பார். அவரை அவருடைய வேலையில் பார்க்க வேண்டும். விடியற்காலையில் வள்ளங்கள் கரைக்கு வரும் நேரம், வாடியில் மீன் நிறுக்கும் இடத்தில் போதகர் அரை மணித்தியாலம் நின்றால் போதும். யார் தராசைப் பிடிக்கிறார், விலையை யார் சொல்கிறார், வள்ளமும் வலையும் சொந்தமாக வைத்திருக்கும் சம்மாட்டிக்கு எத்தனை பங்கு, வலை இழுத்தவருக்கு எத்தனை, எஞ்சின் கடனுக்கு என்ன கழிகிறது என்று அங்கே நின்றே விளங்கும். ஒரு பிரசங்கமும் செய்யத் தேவையில்லை. சொல்லப்போனால் செய்யவே கூடாது.

“பாதர், நீங்கள் ஏன் இஞ்ச வந்தனீங்கள்? ஆரும் செத்துப்போச்சினமோ?” என்று கேட்பார்கள். கோயிலிலிருந்து ஆள் வந்தால் துக்கச் செய்தி, இல்லாவிட்டால் நன்கொடைச் சிட்டை என்று சனம் பழகியிருக்கிறது. இரண்டும் இல்லாமல் இரண்டு மூன்று முறை போனால்தான் கதை வரும்.

வைத்தியசாலை, ஹோட்டல், கந்தோர் போன்ற இடங்களுக்குள் இப்படிப் போக முடியாது, போகவும் கூடாது. அங்கே வேலை செய்பவர்களை அவர்களுடைய நேரத்தில், தேத்தண்ணிக் கடையில் சந்திக்கலாம். நேரம் என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். பல கத்தோலிக்க மீனவக் கிராமங்களில் ஞாயிறு கடலுக்குப் போகாத வழக்கம் இன்னமும் இருக்கிறது. நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல்காரருக்கோ ஞாயிறுதான் முறிவேலை. கிழக்குக் கடற்கரையில் சித்திரைக்குப் பிறகு புரட்டாதி வரை சுற்றுலாப் பயணிகள் வரும் காலம். அந்த மாதங்களில் அவர்களுக்கு ஞாயிறு லீவு கிடைக்காது. ‘அவன் இப்ப கோயிலுக்கு வாறதில்லை’ என்று குறை சொல்வதை விட்டு, அந்தக் காலத்தில் புதன்கிழமை இரவு ஒரு சின்ன ஆராதனை வைத்தால், வேலையை மதிக்கிறோம் என்று அதுவே சொல்லும்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் திங்கட்கிழமை

வேலையிடத்தில் கேட்டதை ஆராதனைக்குள் கொண்டுவருவது அடுத்த படி. இதற்குப் புதுத் திருவழிபாடு எழுத வேண்டாம். மன்றாட்டுக்களில் ஒவ்வொரு கிழமையும் ஒரு தொழிலைப் பெயர் சொல்லிச் சேர்த்தால் போதும். ‘எல்லாத் தொழிலாளரையும் ஆசீர்வதியும்’ என்று மொத்தமாக ஜெபிப்பதில் பிரயோசனம் குறைவு. ‘இந்தக் கிழமை மூன்று நாள் கச்சான் காற்று அடித்துக் கடலுக்குப் போகாதவர்களுக்காக’, ‘ஆள் போதாத வார்ட்டில் இரட்டைக் கடமை செய்யும் தாதிமாருக்காக’ என்று ஜெபித்தால், பின்வரிசையில் ஒரு தலை நிமிரும்.

அறுவடைத் திருநாளை எடுத்துக்கொள்ளுங்கள். பூசணிக்காய், வாழைக்குலை, நெற்கதிர், தேங்காய் எல்லாம் பீடத்துக்கு முன்னால் குவியும். ஆராதனை முடிய ஏலம் நடக்கும். ஒரு பூசணிக்காய் சந்தை விலைக்குப் பத்து மடங்குக்குப் போகும். எல்லோரும் சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போவோம். எனக்கு இந்த ஏலம் பிடிக்கும். ஆனால் நகரத்துச் சபையில் வயல் வைத்திருப்பவர் எத்தனை பேர்? அந்தப் பூசணிக்காயில் பாதி முதல் நாள் சந்தையில் வாங்கியதுதான். அதன் பக்கத்தில் மேசன் கரண்டியும், நாடாவும் கத்தரிக்கோலும், சோக்குப் பெட்டியும், வலை பின்னும் ஊசியும், ஆட்டோச் சாவியும் வைக்கப்படட்டும். மட்டக்களப்பு வீதியில் சொந்தக் கடை வைத்திருப்பவர் தன் தராசைக் கொண்டுவந்து வைக்கட்டும். தராசைப் பீடத்துக்கு முன் வைப்பது கொஞ்சம் பயமான விஷயம்தான். அந்தப் பயமும் ஆராதனையில் சேரும்.

பிரசங்கத்தில்தான் பெரிய மாற்றம் வரும். ஞாயிறு வாசகத்தை வியாழன் இரவே நாலு தொழிலாளரோடு இருந்து வாசித்துப் பார்க்கும் போதகருக்கு, வியாக்கியானப் புத்தகத்தில் இல்லாத விளக்கம் கிடைக்கும். மத்தேயு 20 ஒரு உதாரணம். திராட்சத் தோட்டக்காரர் விடியவும் ஆள் பிடிக்கிறார், பொழுது சாயும் நேரத்திலும் ஆள் பிடிக்கிறார், எல்லோருக்கும் ஒரே கூலி கொடுக்கிறார். மாதச் சம்பளக்காரர் நிறைந்த சபையில் இதைப் பிரசங்கித்தால் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: காலையிலிருந்து வேலை செய்தவனுக்கு இது அநியாயமில்லையா? மேசனுக்குக் கையாளாக நிற்பவரோடு வாசித்தால் அவர் வேறு இடத்தில் நிற்பார். “ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை” என்று பின்னேரம் வரை நின்றவர்கள் சொல்கிறார்களே, அந்த இடத்தில். சந்தியில் காலை ஏழு மணிக்கு எடுபடாவிட்டால் எட்டு மணிக்கு வயிற்றுக்குள் என்ன நடக்கும், வெறுங்கையோடு வீட்டுக்குப் போவதை விடப் பின்னேரம் வரை நிற்பது ஏன் மேல் என்று அவருக்குத் தெரியும். முழு நாள் கூலி கிடைக்காவிட்டால் ஒரு வீட்டில் இரவு உலை வைக்க முடியாது. தோட்டக்காரர் மணித்தியாலத்தைக் கணக்குப் பார்க்கவில்லை, உலையைக் கணக்குப் பார்த்தார். இந்த வாசிப்பைக் கேட்ட பிறகு பழைய பிரசங்கத்தைத் திரும்பச் செய்வது கஷ்டம்.

சின்னக் கூட்டம்

எல்லோரும் எல்லாவற்றையும் ஞாயிறு ஆராதனையில் பேச முடியாது. அதற்குச் சின்னக் கூட்டம் வேண்டும். கத்தோலிக்கரிடம் அயல் வீட்டார் கூடும் அன்பியம் இருக்கிறது. மெதடிஸ்தரிடம் வகுப்புக் கூட்டம் இருந்தது, அதன் கதை சுவையானது. 1742இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், கட்டிய ஆலயத்தின் கடனை அடைப்பதற்காகப் பன்னிரண்டு பேருக்கு ஒரு தலைவரை வைத்து, ஆளுக்குக் கிழமைக்கு ஒரு பென்னி சேர்க்க ஏற்பாடு செய்தார்கள். காசு சேர்க்க வீடு வீடாகப் போன தலைவர்கள், எந்த வீட்டில் வேலை போயிருக்கிறது, எங்கே குடி, எங்கே சண்டை என்பதையெல்லாம் கண்டுகொண்டு வந்து, மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லியிடம் சொன்னார்கள். கடனுக்காகத் தொடங்கியது ஆளை ஆள் பார்த்துக்கொள்ளும் அமைப்பாக மாறியது. எங்கள் கூட்டங்கள் இப்போது எதிர்த்திசையில் போய்விட்டதாகத் தோன்றுகிறது: பாட்டு, வாசிப்பு, சிற்றுண்டி, காணிக்கை, கலைவு. ஒரே ஒரு கேள்வியை மட்டும் அதில் புகுத்திப் பாருங்கள். ‘இந்தக் கிழமை வேலையில் எது உங்களுக்குப் பாரமாக இருந்தது?’ முதல் நாள் ஒருவரும் பதில் சொல்லமாட்டார்கள். கூட்டத்தலைவர் தன் பாரத்தைச் சொல்லித் தொடங்கினால் மற்றவர்கள் வாய் திறப்பார்கள்.

வாய் திறந்தால் வருகிற விஷயங்கள் லேசானவையாக இருக்காது. இரண்டு உதாரணம் சொல்கிறேன்.

கடலில் டைனமைட் போடுவது சட்டவிரோதம் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மீன் கூட்டத்தை வளைத்து அள்ளும் பெரிய சுருக்குவலைக்கு நிபந்தனைகளோடு அனுமதி. அந்த நிபந்தனைகள் மீறப்படுகின்றன என்பது சின்ன வலைக்காரரின் நீண்டகால முறைப்பாடு. இப்போது ஒரே சபையில் சுருக்குவலை முதலாளியும், சின்ன வலைக்காரரும், முதலாளியின் வள்ளத்தில் கூலிக்குப் போகும் பையனும் இருக்கிறார்கள் என்று வையுங்கள். போதகர் பீடத்திலிருந்து ஒரு பக்கம் எடுத்துப் பேசினால் மறு பக்கம் அடுத்த ஞாயிறு வராது. பேசாவிட்டால் மூவருமே கோயிலில் ஒன்றும் கதைக்க முடியாது என்று தீர்மானித்துவிடுவார்கள். இந்த இடத்தில் சபை நீதிபதியாக வேண்டியதில்லை. மூவரையும் ஒரு மேசையில் இருத்தி, ஒருவர் பாட்டை மற்றவர் கேட்கச் செய்யலாம். 1760இல் அச்சான வெஸ்லியின் பணம் பற்றிய பிரசங்கம் அங்கே உதவும். முடிந்தளவு சம்பாதியுங்கள், சேமியுங்கள், கொடுங்கள் என்ற மூன்று வரி எல்லோருக்கும் தெரியும். முதலாவதற்கு அவர் போட்ட வேலி பலருக்குத் தெரியாது: உன் உடம்பைக் கெடுத்துச் சம்பாதிக்காதே, அயலவனின் பிழைப்பைக் கெடுத்துச் சம்பாதிக்காதே, அவன் வியாபாரத்தை விழுத்துவதற்காகச் சந்தை விலைக்குக் கீழே விற்காதே.

மற்றது கடன். 2022 ஆகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரேயடியாக ஏறியது. அந்தக் காலத்தில் எஞ்சினுக்கு எண்ணெய் வாங்கக் கடன் பட்டவர்கள், ஆட்டோ லீசிங் கட்ட நகை அடகு வைத்தவர்கள், கிழமைக் கடன் எடுத்து அதை அடைக்க இன்னொரு கிழமைக் கடன் எடுத்த பெண்கள் எல்லோரும் சபைகளுக்குள் இருக்கிறார்கள். கடன் வசூலிக்க ஆள் வரும் நாளில் வீட்டைப் பூட்டிக்கொண்டு இருப்பவர் ஞாயிறு வந்து சிரித்த முகத்தோடு கை கொடுப்பார். கடனைப் பற்றிப் பேசுவது எங்களுக்கு வெட்கம்.

வெஸ்லி 1746இல் லண்டனில் நன்கொடை சேர்த்து ஒரு சின்னக் கடன் நிதி தொடங்கினார். ஒருவருக்கு 20 ஷில்லிங் வரை. மூன்று மாதத்துக்குள் கிழமைக் கிழமை திருப்பிக் கட்ட வேண்டும். சிறு தொழிலாளர் சாமான் வாங்கவும் அடகிலிருந்து மீளவும் அது உதவியது. இன்று ஒரு சபை அதைச் செய்ய விரும்பினால் என் ஆலோசனை: காசுப் பொறுப்பு போதகரிடம் இருக்கக் கூடாது. கடன் கட்டாதவர் போதகருக்கு முகம் கொடுக்க மாட்டார். பிறகு கோயிலுக்கும் வரமாட்டார். கணக்குத் தெரிந்த இரண்டு மூன்று பேர், முக்கியமாகச் சீட்டுப் பிடித்து ஒரு சதம் பிசகாமல் நடத்திக் காட்டிய பெண்கள், பொறுப்பெடுக்கட்டும். நிதி தொடங்க வசதி இல்லாவிட்டால், இருக்கிற கடன்களின் வட்டியை ஒரு தாளில் எழுதிக் கூட்டிக் காட்டுவதே பெரிய உதவி. அதற்கு வங்கியில் வேலை செய்யும் அந்தப் பொருளாளர் இருக்கிறார்.

இதோடு சேர்த்து ஒரு சங்கடமான கேள்வி. சபையும் வேலை கொடுக்கும் இடம்தான். கோயிலைக் கூட்டித் துடைத்து மணி அடிக்கிறவருக்கு, மிஷன் வீட்டில் சமைக்கிறவருக்கு, பாலர் பாடசாலை ரீச்சருக்கு நாங்கள் என்ன கொடுக்கிறோம்? தனியார் துறைத் தொழிலாளிக்கு ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதமும் தொழிலாளி 8 வீதமும், அதோடு முதலாளி ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் கட்டுவது இந்த நாட்டின் பொது விதி. பல பாலர் பாடசாலைகளில் கொடுக்கப்படுவதைச் சம்பளம் என்று சொல்லவே கூச்சமாக இருக்கும். ‘ஊழியமாகச் செய்கிறா’ என்று சொல்லிச் சமாளிப்போம். வேலையும் விசுவாசமும் பற்றிக் கருத்தரங்கு வைப்பதற்கு முன் இந்தக் கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்ப்பது நல்லது.

கோயில் மதிலுக்கு வெளியே

எரேமியா 29:7, சிறையாகக் கொண்டுபோகப்பட்ட பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபிக்கச் சொல்கிறது. பட்டணம் நல்லாயிருந்தால்தான் நீங்களும் நல்லாயிருப்பீர்கள் என்று காரணமும் சொல்கிறது. இதற்குச் சபை தனியாக ஒரு திட்டம் போட்டுப் பெயர்ப்பலகை நட வேண்டும் என்றில்லை. கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம், பாடசாலை அபிவிருத்திச் சங்கம், மரண உதவிச் சங்கம் எல்லாம் ஏற்கனவே இருக்கின்றன. கூட்டத்துக்குத்தான் ஆள் வராது. அங்கே போய் இருந்து, செயலாளர் வேலையை எடுத்து, கூட்டக் குறிப்பை நேர்மையாக எழுதிக் கொடுக்கிறவர் சபையின் பணியைத்தான் செய்கிறார். அவரையும் ஞாயிறு பெயர் சொல்லி ஜெபத்தில் சேர்க்க வேண்டும்.

2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது கோயில், பள்ளிவாசல், பாடசாலை என்று பார்க்காமல் திறந்திருந்த இடத்துக்கெல்லாம் சனம் ஓடியது. பிறகு நிவாரணம் வந்தது. அதோடு, உதவி செய்கிறவர்கள் ஆள் சேர்க்கிறார்கள் என்ற சந்தேகமும் வந்தது. அந்தச் சந்தேகம் இன்னும் முழுதாகப் போகவில்லை. ஆகவே கொடுக்கும்போது கமராவை வீட்டில் வைத்துவிட்டுப் போவதும், முஸ்லிம், இந்து, பௌத்த அயலவர்களோடு சேர்ந்து கொடுப்பதும் கிழக்கில் ஒரு ஒழுக்கமாகவே இருக்க வேண்டும்.

ஒரு முன்மாதிரியைச் சொல்லலாம். அமெரிக்காவின் லூசியானாவிலிருந்து 1948இல் வந்த இயேசுசபைக் குரு யூஜின் ஹெபேர்ட், கிழக்கில் நாற்பது வருடத்துக்கு மேல் வேலை செய்தார். கூடைப்பந்துப் பயிற்சியாளராகத்தான் பழைய மாணவர்களுக்கு அவரை ஞாபகம். பிற்காலத்தில் மட்டக்களப்பில் இளைஞருக்கான தொழிற்பயிற்சி நிலையத்தை நடத்தினார். 1990 ஆகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் காணாமற்போனார். யுத்த காலத்துப் பையன்களுக்கு ஒரு ஆயுதத்துக்குப் பதிலாக ஒரு கைத்தொழிலைக் கொடுப்பதைக் குருத்துவப் பணிக்குப் புறம்பானதாக அவர் நினைக்கவில்லை.

இதையெல்லாம் செய்யப் போதகருக்கு நேரம் எங்கே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அவருக்கு ஏற்கனவே ஐந்து கமிட்டி, மூன்று கூட்டம், வாராவாரம் ஒரு நினைவு ஆராதனை. அதனால் இதைச் சபையின் சாதாரண ஆட்கள் இரண்டு பேர் தொடங்குவதுதான் நடக்கக்கூடிய வழி. சபை இடாப்பில் பெயர், விலாசம், ஞானஸ்நானத் திகதி இருக்கும். அதில் இன்னொரு நிரல் கீறி, ஒவ்வொருவரும் கிழமை நாட்களில் என்ன செய்கிறார் என்று கேட்டு எழுதுங்கள். சம்பளம் இல்லாத வேலையும் வேலை என்று முதலே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் படுக்கையில் கிடக்கும் மாமியாரைப் பார்க்கிற பெண் ‘சும்மா வீட்டில்’ என்று எழுதுவார். எழுதி முடிந்ததும், ‘வேலை இல்லை’ என்று எழுதியவர்களின் வீட்டுக்கு முதலில் போங்கள். காலை பத்து மணிக்குப் போனால் வீட்டிலேயே இருப்பார்கள்.